ஏழாவது கட்டத்தில் ஒரு விலங்கு

"வாயிலிட்ட உணவை மாதிரியாக எடுக்கக் கூடாது." எங்கள் உணவு ஆய்வகத்தின் நடைமுறைக் கையேட்டில், மாதிரி எடுத்தல் என்ற தலைப்பின் கீழ் நான்காவது விதி இது. மூன்றாவது விதி பாட்டில் மூடியைப் பற்றியது. ஐந்தாவது அரக்கு முத்திரையைப் பற்றியது. அவை இரண்டையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான்காவதை யாரும் நின்று படித்ததில்லை. வாயில் போட்டதை எவன் எடுத்துக்கொண்டு வருவான் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

போன மாதம் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மரபணுவைப் பார்த்துச் சொல்லும் கருவி வந்துவிட்டதாம். நுண்ணோக்கி அறையைக் காலி செய்து பழைய கோப்புகளை அடுக்கப் போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். "மேடம், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் உருக்கமா இருந்தா நல்லா இருக்கும்" என்றார் இப்போது என் நாற்காலியில் இருப்பவர். உருக்கத்துக்கு நான் பழகவில்லை. அந்த நுண்ணோக்கிகளில் ஒன்றின் குமிழ் எப்போதும் வழுக்கும், இன்னொன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. போகட்டும். ஆனால் ஒரு வழக்கு மட்டும் எழுதி வைக்கத் தகுந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாவரவியல் முதுகலை முடித்து வந்த என்னை முதல் ஆண்டு கண்ணாடித் தகடு கழுவச் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டு அரிசி, உருளை, கிழங்கு, பருப்பு என்று மாவுச்சத்து மணிகளை வரையச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு கையெழுத்துப் போட அனுமதித்தார்கள். அதன் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள், மக்கள் சாப்பிடும் பொருளில் பெயர்ச்சீட்டு சொல்வது இருக்கிறதா, சொல்லாதது இருக்கிறதா என்று பார்த்து எழுதினேன்.

பள்ளிப் புத்தகத்தில் தாவரச் செல்லும் விலங்குச் செல்லும் எல்லா உறுப்புகளோடும் கல்யாண ஆல்பத்துக்கு நின்றவை போல அடுத்தடுத்து இருக்கும். அடுப்பிலிருந்து இறங்கி எங்களிடம் வருபவை அப்படி இருப்பதில்லை. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் செல் சவ்வு, சூடு பட்டதும் வேலையை விட்டுவிடும். தாவரச் செல்லின் நடுவே தண்ணீரைத் தேக்கி அதை விறைப்பாக நிறுத்தும் பெரிய நுண்குமிழ், அடுக்குமாடி வீட்டுக்குச் சம்ப் மாதிரி. கொதியில் அது உடைந்து காலியாகும். வெயிலை வைத்து உணவு தயாரிக்கும் பசுங்கணிகம் நிறம் மாறிக் குழையும். மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வெளிர்கணிகம் ஊதி வெடிக்கும். எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும் உட்கரு, தலைமை அலுவலகம் ஆனபடியால், சுருங்கி ஓரமாக ஒட்டிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சமைத்த பொருளில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்திருக்கும் என்று நம்பினேன்.

கடைசிவரை நிற்பது செல் சுவர் ஒன்றுதான். எவ்வளவு வேகவைத்தாலும் செங்கல் அடுக்கியது போலத் தெரியும். விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது. ஆகவே சுவர் இருந்தால் தாவரம், இல்லாவிட்டால் விலங்கு. என் சம்பளத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்துக்காகக் கொடுக்கப்பட்டது.

அறிக்கைப் படிவமும் இதே நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது. ஆறாவது கட்டம்: தாவரச் செல்கள் காணப்படுகின்றனவா? ஏழாவது கட்டம்: விலங்குச் செல்கள் காணப்படுகின்றனவா? இரண்டுக்கும் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள். ஒன்பதாவது கட்டம் குறிப்புகளுக்கு. அதன் கீழே சிறிய எழுத்தில், "ஏழில் 'இல்லை' எனில் மட்டும் நிரப்புக" என்று இருக்கும். ஏன் என்று எனக்குத் தெரியாது. வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

எங்கள் தலைமை ஆய்வாளர் வேதநாயகம் சார். அவர் மேசைமீது ஒரு தடித்த கண்ணாடிப் பலகை கிடக்கும். பிடிக்காத தாளை அவர் திருப்பித் தர மாட்டார், கிழிக்க மாட்டார், கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவார். வரைவு தப்பாக இருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். எது தப்பு என்று சொல்ல மாட்டார். உத்தரவை எப்போதும் கேள்வியாகத்தான் கேட்பார்.

அவர் தலைமைக்கு வந்த புதிதில் நான் ஒரு காளான் சூப்புத் தூளைப் பார்த்து, சுவர் இருக்கிறதே என்று ஆறாவது கட்டத்தில் 'ஆம்' போட்டேன். ஓரத்தில் புள்ளி வந்தது. காளானுக்குச் சுவர் உண்டு, ஆனால் அது தாவரத்தின் சுவர் இல்லை, பசுங்கணிகமும் கிடையாது. அது இரண்டு கட்டத்திலும் சேராது. சொன்னேன்.

"மூணாவதா ஒரு கட்டம் வேணும்னு எழுதலாமே?" என்றார்.

எழுதினோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. மேலிடத்துக்குக் கடிதம் எழுதினால் என்ன நடக்கும் என்பதை நான் அன்றே கற்றுக்கொண்டேன்.

இனி வழக்கு. நான் ஓய்வு பெற்ற ஆண்டின் பொங்கல் கழிந்த வாரம் ஒரு பாட்டில் வந்தது. எங்களுக்கு எண் மட்டும்தான் வரும், பெயர் வராது. உடன் வந்த தாளில் எழுதியிருந்தது: "சைவ பிரியாணியில் மாமிசம் எனப் புகார். சமைத்த நிறுவனம் மூடி முத்திரையிடப்பட்டது. மாதிரி: புகார்தாரர் சுவைத்துத் துப்பிய துண்டு, ஒன்று. சோறு, சிறிதளவு." மாதிரி எடுத்த அலுவலர் நேர்மையானவர். புகார் எந்தத் துண்டைப் பற்றியதோ அந்தத் துண்டையே எடுத்திருந்தார். மாதிரியை இரண்டு பாகமாக்க வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரிந்திருந்ததால், அந்தக் கடித்த துண்டையும் சரிபாதியாக வெட்டி, ஒன்றை முத்திரையிட்டு அலுவலகத்தில் வைத்துவிட்டு மற்றதை அனுப்பியிருந்தார்.

நான்காவது விதிப்படி நான் அதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் மீதி பிரியாணியை அன்றைக்கே மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்றும் அதே தாளில் இருந்தது. புது மாதிரிக்கு வழியில்லை. வழக்கு 'மாதிரி நிலுவை' என்ற தலைப்பில் போகும். அந்தத் தலைப்பில் போன கோப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை, கடையும் திறந்ததில்லை.

துண்டைக் கழுவி, எண்ணெய் நீக்கி, ஊசியால் நார் நாராகப் பிரித்தேன். செங்கல் அடுக்கு. நீரைக் கடத்தும் குழல்களின் சுருள். பால் ஓடும் நீண்ட குழாய்கள். அயோடின் ஒரு சொட்டு விட்டதும் ஊதிப்போன மாவுச்சத்து நீலமானது. பலாக்காய். எங்களிடமிருந்த பலாக்காய்த் தகட்டோடு ஒப்பிட்டேன், சந்தேகமே இல்லை. வெந்த இறைச்சியானால் குறுக்குக் கோடுகள் போட்ட தசை நார் தெரியும். ஒன்றுகூட இல்லை.

கையேட்டின்படி அடுத்தது மெத்திலீன் நீலம். அதுவும் ஒரு சொட்டு விட்டேன். அப்போதுதான் அவை தெரிந்தன. தட்டையாக, ஓரம் மடிந்து, ஒழுங்கற்ற வடிவில், நடுவில் நீலப் பொட்டாக ஒரே ஒரு உட்கருவோடு. ஒன்றல்ல, கூட்டமாக. சுவர் இல்லை. விலங்குச் செல்.

அரை மணி நேரம் பார்த்தபிறகுதான் புரிந்தது. அந்தத் தகட்டில் மற்ற எல்லாம் வெந்திருந்தன. இவை மட்டும் வேகவில்லை. உட்கரு நடுவிலேயே இருந்தது, சுருங்கக்கூட இல்லை. மூடி போட்டுத் தம் கட்டிய பிரியாணியில் வேகாத ஒன்று இருந்தால், அது பிரியாணி இறங்கிய பிறகு வந்து சேர்ந்தது. பள்ளியில் நுண்ணோக்கியைத் தொட்டவர் எல்லோரும் இந்தச் செல்லைப் பார்த்திருப்பார்கள். முதலில் வெங்காயத் தோல், அடுத்தது கன்னத்தின் உட்புறம்.

வேதநாயகம் சாரிடம் போனேன்.

"விலங்கு இருக்கா, இல்லையாம்மா?"

"இருக்கு சார். ஆனா அது புகார் குடுத்தவர்."

அவர் கண்ணாடியை நேராக நகர்த்தி வைத்தார். "புகார்தாரர் விலங்கா?"

"செல் அளவுல, ஆமா சார். நீங்க வந்து ஒரு தடவை பார்த்துடுங்க."

"நான் பார்த்தா எனக்கும் ஒரு அபிப்பிராயம் வந்துடும்மா. அப்புறம் கையெழுத்து யார் போடறது?"

சிக்கல் இதுதான். ஏழாவது கட்டத்தில் 'ஆம்' என்பது உண்மை. ஆனால் 'ஆம்' போட்டால் விளக்கம் எழுத இடமில்லை, வழக்கு நேராக நீதிமன்றம் போகும். 'இல்லை' போட்டால் விளக்கம் எழுதலாம், ஆனால் அது பொய்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆய்வகத்திலிருந்து வரும் பெண்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பலாக்கா மேடம் நீங்கதானா?"

"நீங்க யாரு?"

"இஸ்மாயில், மேடம். ராயப்பேட்டைல பிரியாணி கட. சீல் வச்சிட்டாங்களே, அது."

"உங்களோட நான் பேசக் கூடாது."

"நீங்க பேசாதீங்க மேடம். பஸ்ஸ பார்த்துக்கினு இருங்க, நான் பேசறேன்."

பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசினார். மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குப் பலாக்காய் பிரியாணி வேண்டும் என்று அவரைத் தேடி வந்து சொன்னார்களாம்.

"சைவம் சாப்புடறவங்க நம்ம கைய நம்பிக் கேட்டாங்களேன்னு புது தேக்சா, புது கரண்டி, எல்லாம் புதுசு மேடம். இந்தா பாருங்க." இரண்டு கைகளையும் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுத்த கறை. "பலாக்கா பாலு. எண்ண தடவித்தான் நறுக்கினேன், இன்னும் போவல. கறி நறுக்கினா இப்டி ஆவுமா?"

கை, ஏற்கத்தக்க மாதிரிகளின் பட்டியலில் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

"கட மூடினதுகூட பெருசில்ல மேடம். தெருவுல போனா, இன்னா பாய், சாமிங்களுக்கே கறியப் போட்டியாமேன்னு சிரிக்கிறான். எங்க அப்பா இருந்தப்போலேர்ந்து நோன்பு மாசம் பூரா எங்க கட வாசல்லதான் கஞ்சி ஊத்துவோம். இந்த வருசம் எவன் வந்து வாங்குவான்? இல்லன்னு ஒரு வார்த்த போட்டுடுங்க மேடம். ஒரே வார்த்த."

"போட்டா, மாதிரியோட இன்னொரு பாதி வேற ஆய்வகத்துக்குப் போகும். அங்க இருக்குன்னு வரும். அப்புறம் உங்களை யாரும் காப்பாத்த முடியாது."

"இருக்கா?" அவர் அப்படியே நிறுத்தத்தின் திட்டில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா மேடம் சொல்றீங்க? அதுல கறி இருக்கா?"

நான் ஏற்கெனவே இரண்டு விதிகளை மீறியிருந்தேன். "உங்க தேக்சாவுல இல்ல."

"பின்ன எங்க கீது?"

"பஸ் வந்துடுச்சு" என்று சொல்லி ஏறிவிட்டேன். அது என் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து இல்லை.

மறுநாள் வேதநாயகம் சார் கேட்டார்: "ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்காம்மா?" அதற்கு, புகார்தாரரின் கன்னத்திலிருந்து ஒரு மாதிரி எடுத்து வை என்று அர்த்தம். மாதிரி எடுத்த அலுவலர் மூலமாகக் கடிதம் அனுப்பினோம்.

வந்தவர் ராமசேஷன். மாட வீதிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பொறியாளர். சட்டைப் பையில் பேனாவும் கையில் எங்கள் கடிதமும் இருந்தன. ஐஸ்கிரீம் சாப்பிடும் மரக் கரண்டியைக் கொடுத்து, கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டித் தரச் சொன்னேன்.

"எதுக்கும்மா? அன்னிக்குச் சாப்ட்டது இன்னுமா ஒட்டிண்டிருக்கும்? மூணு வாரமாறது. அன்னிக்கே பத்து தடவை கொப்பளிச்சாச்சு."

"விதி சார்."

சுரண்டிக் கொடுத்தார். "வாய்ல போட்டதும் நார் நாரா இருந்தது. எதிர் ஃபிளாட் பையன் கோழி மாதிரியே இருக்கேன்னான். அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே. ஆத்துல எல்லாரும் தேத்தறா, தெரியாம நடந்துடுத்து, தோஷமில்லேன்னு. எனக்குத்தான் சாதம் எறங்கலே. பாலும் பழமுமா ஓடிண்டிருக்கு." அவர் சட்டை உண்மையிலேயே தோளில் தொங்கியது. பொய் சொல்ல வந்தவர் இல்லை.

சாயமிட்டு, தகட்டை நுண்ணோக்கியில் பொருத்திப் பார்க்கச் சொன்னேன்.

"தட்டத் தட்டையா, நடுவுல பொட்டு வெச்சாப்ல இருக்கு."

"அது உங்க கன்னத்துச் செல். பொட்டுதான் உட்கரு."

வழக்கு மாதிரியின் தகட்டைப் புகார்தாரருக்குக் காட்டக் கூடாது. நான் காட்டவில்லை. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். பக்கத்து நுண்ணோக்கியில் அந்தத் தகடு ஏற்கெனவே பொருத்தியிருந்தது. அதன் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் விளக்கை அணைக்க மறந்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்தபோது அவர் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தார்.

"ரெண்டுலேயும் அதே பொட்டு இருக்கே."

"எது சார்?"

"இதுல கூடவே செங்கல் அடுக்கினாப்ல ஒண்ணு இருக்கு. அது என்ன?"

"பொதுவா சொல்றேன். அப்படி இருந்தா செல் சுவர். பலாக்காய்ல அப்படித்தான் இருக்கும்."

"மாமிசம்னா எப்படி இருக்கும்?"

"குறுக்கே வரி வரியா இருக்கும்."

மறுபடி குனிந்தார். வெகுநேரம் தேடினார். "வரியே இல்லையேம்மா. அப்போ இதுல மிருகம்னு இருக்கறது…"

"நீங்க ஒருத்தர்தான் சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். டீ ஆறியது. "மூணு வாரமா நான் என்னையேவா துப்பிண்டிருந்தேன்?" என்றார். பிறகு, "அந்தக் கடைக்காரர்ட்ட சொல்லியாச்சோ?"

"நான் சொல்லக் கூடாது சார். விதி."

"எனக்கு ஏதாவது விதி உண்டோ?"

"உங்களுக்கு இல்லை."

அவர் அங்கிருந்து நேராக ராயப்பேட்டைக்கு நடந்து போனதாகப் பிறகு தெரிந்தது. முத்திரையிட்ட ஷட்டர் முன்னால் இஸ்மாயில் நின்றிருந்தாராம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று மாலையே ராமசேஷன், எந்தக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் புகாரைப் போட்டாரோ அதே குழுவில், "பிரியாணியில் இருந்த மிருகம் நான்தான்" என்று போட்டார். நான்கு பேர் கைகூப்பினார்கள். ஒருவர், "சார், யாராவது மிரட்டினாளா?" என்று கேட்டார். இன்னொருவர், "லேபை நன்னா கவனிச்சிருப்பா" என்றார். ஆக, வாயால் சொல்வது போதாது. முத்திரை போட்ட தாள் வேண்டும்.

ஒன்பதாவது கட்டத்தை 'ஆம்' என்ற பதிலுக்கும் நிரப்ப அனுமதி வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினோம். இரண்டு தகடுகளின் படங்களையும் இணைத்தோம். அறிக்கையைப் பதினான்கு நாளில் அனுப்ப வேண்டும் என்பது விதி. வேதநாயகம் சார் என் அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

"விளக்கம் கேட்டு எழுதியிருந்தா, பதில் வர்ற வரைக்கும் நாள் ஓடுமாம்மா?"

"ஓடாது சார். கையேட்டுல இருக்கு."

"இருக்கா?" என்றார், தெரியாதவர் போல. அவர் நல்லவரா கெட்டவரா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அந்தக் கண்ணாடியைச் சொல்வேன்.

பதினான்கு நாள் கணக்கு ஓடவில்லை. ஆனால் கடையும் திறக்கவில்லை. மாசி போனது. காளான் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். நினைவூட்டல் அனுப்பும் உரிமை புகார்தாரருக்கு உண்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடையாது. எனவே ராமசேஷன் வாரம் ஒன்று எழுதினார். எங்கள் விசாரணைச் சாளரத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில்தான் எழுதுவார். பக்கத்தில் இஸ்மாயில் உட்கார்ந்திருப்பார்.

"சாமி, இந்தவாட்டி கோவமா எழுதுங்க."

"கோபமா எழுதினா குப்பைல போட்டுடுவா பாய். பணிவா எழுதினாத்தான் பயப்படுவா."

"நாளைக்கு பிறை பாக்கறாங்க சாமி."

ராமசேஷன் 'பணிவுடன்' என்பதை அடித்து 'மிகப் பணிவுடன்' என்று மாற்றினார்.

நோன்பு தொடங்கியது. கஞ்சி அந்த ஆண்டு வேறு ஒருவர் வாசலில் ஊற்றப்பட்டது. பெஞ்சுக்கு வரும்போது இஸ்மாயிலின் உதடு காய்ந்திருக்கும். ராமசேஷன் தன் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தள்ளி மறைப்பார். கடை திறந்தால் முதல் தட்டு பலாக்காய் பிரியாணி தான்தான் சாப்பிடுவேன், குழுவில் இருப்பவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பால் பழத்திலிருந்து சாதத்துக்கு அதற்குள் திரும்பியிருந்தார்.

புதுக் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஆடா, மாடா, கோழியா, பன்றியா என்று கேட்கும். நான்குக்கும் இல்லை என்று சொல்லி, இஸ்மாயிலை அன்று மாலையே விடுவித்திருக்கும். என்னைவிட அது மேல். ஆனால் ராமசேஷன் என்ன ஆனார் என்று அதற்குத் தெரிந்திருக்காது. அந்த 'இல்லை'யை நம்பாமல் ஆயுள் முழுக்க அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு நாள் காலைத் தபாலில் பதில் வந்தது. மூன்று வரி. "ஏழாவது கட்டத்தில் 'ஆம்' என்பதே சரி. விளக்கத்தைத் தனித்தாளில் இணைத்து அனுப்பலாம். மேற்படி விலங்கு புகார்தாரரே என்பது குறித்துக்கொள்ளப்பட்டது. நிறுவனத்தைத் திறக்கத் தடையில்லை." வேதநாயகம் சார் கண்ணாடியைத் தூக்கி அறிக்கையை எடுத்தார். பென்சிலைத் தேடவில்லை, நேராகப் பேனாவை எடுத்தார்.

மாலையில் ராயப்பேட்டை வழியாகப் போனேன். வழக்கு முடிந்துவிட்டபடியால் அதற்குத் தடை இல்லை. ஷட்டர் ஏறியிருந்தது. சுவரில் எங்கள் அறிக்கையின் நகலைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். "விலங்குச் செல்கள்: ஆம்" என்று பெரிதாகவும், அது யார் என்று சிறிதாகவும் தெரிந்தது. வாசலில் பாத்திரங்களோடு வரிசை நின்றது. இஸ்மாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் ராமசேஷன், முன்னால் ஒரு தட்டு, தட்டில் ஒன்றுமில்லை.

"சாப்பிடலையா சார்?"

"இன்னிக்கு ஏகாதசிம்மா. பாயும் இன்னும் நோன்பு தொறக்கலை. ரெண்டு பேரும் தட்டைப் பாத்துண்டு உக்காந்திருக்கோம்."

"நாளைக்கு வந்துடுங்க சாமி, புது தேக்சா அப்டியே கீது" என்றார் இஸ்மாயில், வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கணக்கில் அது இருபத்தைந்தாம் நோன்பு. எங்கள் தபால் வரவுப் பதிவேட்டில், ஏப்ரல் ஐந்து, வெள்ளிக்கிழமை.